பழுதின் இருப்பிடம்

அவிநாசியிலிருந்து புளியம்பட்டிக்குப் போகும் சாலையில் அமைந்த சேவூரை வாலீசுவரர் கோயிலுக்காக அறிந்தவர்கள் உண்டு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நடக்கும் நிலக்கடலை ஏலத்துக்காக அறிந்தவர்கள் அதைவிட அதிகம். மானாவாரிக் காடுகள் நிறைந்த இந்தப் பிரதேசத்தில், திருப்பூரின் பனியன் தொழில் நகர எல்லையைக் கடந்து நாற்புறமும் விரிந்ததன் பயனாக, விசைத்தறிக் கொட்டகைகளும், ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் யந்திரங்கள் வரிசை வரிசையாக நிற்கும் பவர் டேபிள் கூடங்களும், இரவு பகல் ஓயாமல் சுழலும் நிட்டிங் யந்திரங்களும் இன்று இயல்பான காட்சிகளாகிவிட்டன. இந்த யந்திரங்களுள் ஒன்று நின்றுவிட்டால், டைலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, அவருக்கு உதவும் கைமடி வேறு வேலை தேட, முதலாளி கைப்பேசியை எடுக்க, சிறிது நேரத்தில் இருசக்கர வாகனம் ஒன்றில் தோள்பையோடு மெக்கானிக் வந்து இறங்குகிறார். அந்தப் பையில் இருக்கும் சாமான்களைக் காட்டிலும், அவற்றை எந்த வரிசையில் எடுப்பது என்று தீர்மானிக்கும் அவருடைய சிந்தனை முறையே பெரிய சாதனம் என்பது என் அபிப்பிராயம். அதை வெறும் கைப்பழக்கம் என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பௌதிக சாஸ்திரத்தின் ஒரு கிளை.

இந்தச் சிந்தனை முறையை நன்கு விளங்கிக்கொள்ள, பின்னலாடைக்குச் சற்றும் சம்பந்தமில்லாததாகத் தோன்றும் மற்றொரு யந்திரத்தையும் உடன் வைத்துப் பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1931-ஆம் ஆண்டு டேவிட் காட்லீப் என்பவர் 'பேஃபிள் பால்' என்ற மேசை விளையாட்டைச் செய்து விற்றார். சாய்வான பலகையில் உருண்டு வரும் எஃகுக் குண்டு எந்தக் குழியில் விழுகிறது என்பதே ஆட்டம். பின்னர் 1947-இல் அவருடைய நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி மாப்ஸ், பொத்தானை அழுத்தினால் மின்காந்தத்தின் பலத்தால் வீசித் திரும்பும் சிறு துடுப்புகளை 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற யந்திரத்தில் பொருத்தினார்; அது முதல் குண்டை அடித்து மேலே அனுப்பும் சாமர்த்தியம் ஆடுபவனுடைய கைக்கு வந்தது. சூதாட்டக் கருவி என்று கருதி நியூயார்க் நகரம் 1942 முதல் 1976 வரை இந்தப் பின்பால் யந்திரங்களைத் தடை செய்திருந்தது என்பது ஒரு விசித்திரமான சரித்திரம். நமக்கு வேண்டியது அதன் வயிற்றுக்குள் இருப்பது. மேல் பலகையைத் தூக்கிப் பார்த்தால், செப்புக் கம்பிச் சுருள்கள், இலை போன்ற மெல்லிய சுவிட்சுகள், ரிலேக்கள், பீஸ்கள், நூற்றுக்கணக்கான இணைப்புகள், பிற்காலத்து யந்திரங்களில் ஒரு மின்னணுப் பலகை! பெயரை மறைத்துக் காட்டினால், தானாக நூல் அறுக்கும் யூபிடி தையல் யந்திரத்தின் உறுப்புகளென்றே நம் ஊர் மெக்கானிக் நினைப்பார். கணப்பொழுதில் பலமாக இழுக்க வேண்டும், பிறகு விட வேண்டும், அதை ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை தவறாமல் செய்ய வேண்டும் என்ற ஒரே கட்டாயம் இரண்டுக்கும் இருப்பதால், இரண்டுக்கும் வரும் நோய்களும் ஒன்றாகவே இருக்கின்றன.

நோயை ஒரு திருஷ்டாந்தத்தால் காட்டுகிறேன். யூபிடி யந்திரத்தில் தையல் முடிந்ததும் டைலர் மிதியைக் குதிகாலால் பின்னுக்கு அழுத்துகிறார்; மேசைக்கு அடியில் உள்ள சொலினாய்டு, அதாவது நடுவில் இரும்புத் தண்டு கொண்ட கம்பிச்சுருள், 'டக்' என்று இழுத்துக் கத்தியை நகர்த்த, நூல் அறுபடுகிறது. ஒரு நாள் அறுபட மறுக்கிறது. "காலையில நல்லாத்தானுங்க ஓடுச்சு, மத்தியானம் ஆனா நூலு அறுக்க மாட்டேங்குதுங்கண்ணா" என்று டைலர் சொல்கிறார். அவசரக்காரர் உடனே கத்தியை மாற்றுவார். அதிலும் தீரவில்லையென்றால் சொலினாய்டை மாற்றுவார். அதற்கும் மசியவில்லையென்றால் கண்ட்ரோல் பாக்ஸையே மாற்றச் சொல்லுவார். நிதானக்காரரோ டைலர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருப்பதைக் கவனிப்பார்: காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையே கத்தி மழுங்கி, மறுநாள் காலையில் தானே கூர்மை பெறுவது சாத்தியமில்லை, ஆகவே வெப்பத்தோடு மாறும் ஒன்றே குற்றவாளி.

இனி கணக்கைப் பார்ப்போம். சுருளின் மின்தடை 6 ஓம், அதற்கு வரும் மின்னழுத்தம் 24 வோல்ட் என்று கொண்டால், ஓம் விதிப்படி 4 ஆம்பியர் பாய வேண்டும். வழியில் உள்ள கனெக்டர் ஒன்றில் எண்ணெயும் துருவும் படிந்து 2 ஓம் தடை புகுந்துவிட்டால், மொத்தத் தடை 8 ஓம், மின்னோட்டம் 3 ஆம்பியர். நாலில் ஒரு பங்குதானே குறைந்தது என்று அலட்சியம் செய்யக் கூடாது. ஏனெனில், இரும்பு காந்தத்தால் நிறைவுறாத வரையில், சொலினாய்டின் இழுவிசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நாலுக்கு மூன்று என்பது பதினாறுக்கு ஒன்பது ஆகிறது. இழுவையில் ஏறத்தாழ பாதி போயிற்று. இதோடு வெப்பமும் சேர்கிறது. செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுவது. இரண்டு மூன்று மணி நேரம் ஓடிச் சுருள் 60 பாகை சூடேறினால் 6 ஓம் சுமார் 7.4 ஓம் ஆகிவிடும். கனெக்டரின் 2 ஓமையும் கூட்டினால் மின்னோட்டம் இரண்டரை ஆம்பியர்தான். இழுவிசை காலை நேரத்தின் நல்ல யந்திரத்தோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. காலையில் எப்படியோ அறுத்த கத்தி மத்தியானத்தில் அறுக்காமல் போனதன் இரகசியம் இவ்வளவே.

இங்கேதான் மல்டிமீட்டர் என்ற அருமையான கருவி, உபயோகிக்கும் முறை தெரியாதவரை ஏமாற்றிவிடுகிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மீட்டரைப் பஸ்ஸர் ஒலிக்கும் இடத்தில் வைத்து, கம்பியின் இரு முனைகளையும் தொட்டுப் பார்த்தால், 2 ஓம் தடை இருந்தாலும் 'பீப்' என்று ஒலிக்கிறது. பல மீட்டர்கள் முப்பது நாற்பது ஓம் வரையிலும் ஒலிக்கும். பல இழைகள் கொண்ட கம்பியில் ஒரே ஓர் இழை மட்டும் அறுபடாமல் மிஞ்சியிருந்தாலும் ஒலிக்கும். "ஒயர் ஓகேங்க" என்று தீர்ப்புச் சொல்லி அப்பால் போய்விடுகிறார்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை. பாதை இருக்கிறதா என்று கேட்டோம், இருக்கிறது என்றது. எத்தனை பெரிய பாரத்தை அந்தப் பாதை தாங்கும் என்று நாம் கேட்கவே இல்லை. அதைக் கேட்கும் முறை வேறு. யந்திரம் ஓடும்போது, சொலினாய்டு இழுக்கும் அந்தக் கணத்தில், சந்தேகத்துக்குரிய கனெக்டரின் ஒருபுறத்திலும் மறுபுறத்திலும் மீட்டரின் முனைகளை வைத்து வோல்ட்டை அளக்க வேண்டும். நல்ல இணைப்பில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். நம் உதாரணத்தில் உள்ள இணைப்பில் 6 வோல்ட் காட்டும். அந்த 6 வோல்ட் கத்திக்குப் போய்ச் சேராமல் கனெக்டரிலேயே சூடாகித் தீர்ந்துபோகிறது. இழுப்பது கணநேரம் என்பதால், உச்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதியுள்ள மீட்டர் இதற்கு மேலும் உகந்தது. பின்பால் பழுதுபார்ப்பவர்களும் தளர்ந்த துடுப்பை இதே விதமாகவே சோதிக்கிறார்கள். அங்கும் பெரும்பாலும் குற்றவாளி சுருளாக இருப்பதில்லை, கருகிய சுவிட்சு முனையோ ஈயப்பற்று விட்டுப்போன கனெக்டரோதான்.

இந்த மீட்டருக்கும் ஒரு தொழிலாளியின் சலிப்பே மூலகாரணம். பிரிட்டிஷ் தபால் தந்தி இலாகாவில் பொறியாளராக இருந்த டொனால்டு மெக்கடீ, தொலைபேசித் தடங்களைச் சோதிக்க ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று மூன்று கருவிகளைச் சுமந்து திரியும் தொல்லையைத் தாளாமல், மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். 'ஆவோ மீட்டர்' என்ற பெயரில் அது 1923-இல் விற்பனைக்கு வந்தது. மின்காந்தத்தின் வரலாறும் இப்படிப்பட்டதே. செருப்புத் தைக்கும் தொழிலில் பயிற்சி பெற்று, பிறகு பட்டாளத்தில் சேர்ந்து, தன் முயற்சியாலேயே விஞ்ஞானம் கற்ற வில்லியம் ஸ்டர்ஜன் என்ற ஆங்கிலேயர், 1825-இல், லாட வடிவில் வளைத்த இரும்பில் கம்பியைச் சுற்றி, சுமார் 200 கிராம் எடையுள்ள அந்த இரும்பு 4 கிலோ எடையைத் தூக்குவதைக் காட்டினார். அதற்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1925-இல், திருப்பூரில் குலாம் காதர் 'பேபி நிட்டிங்' என்ற பெயரில் முதல் பனியன் தொழிற்கூடத்தைத் தொடங்கினார் என்று தொழிலின் வரலாறு கூறுகிறது. இன்று இவ்விரு மரபுகளும் ஒவ்வொரு தையல் மேசைக்கு அடியிலும் சந்திக்கின்றன.

சுருளின் வலக்கரமாக நிற்கும் டயோடு என்ற சிற்றுறுப்பைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில், மெக்கானிக்குகள் மாற்றும் பலகைகளில் கணிசமான பங்கு, இந்த மிக மலிவான பொருளின் குறையால் பலியானவையே. வாய்க்காலில் வேகமாக ஓடிவரும் நீரைத் திடீரென்று பலகை போட்டு அடைத்தால், நீர் அந்தப் பலகையின் மீது மோதி மேலெழும்புகிறது. கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரமும் அத்தகையதே. ஜோசப் ஹென்றி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1832-இல் விவரித்த தன்தூண்டல் என்னும் குணத்தின்படி, சுருளில் ஓட்டத்தை எவ்வளவு விரைவாக நிறுத்துகிறோமோ அவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் எதிர்த் திசையில் எழும். 24 வோல்ட்டில் ஓடிய சுருள், நிறுத்திய கணத்தில் சில நூறு வோல்ட்டுகளை உமிழக்கூடும். பழைய ரிலே யந்திரங்களில் அது சுவிட்சு முனையில் நீலப்பொறியாகத் தெறித்தது. முனை மெல்லக் கருகியது. டிரான்சிஸ்டர் வந்த பிறகு பொறி தெறிக்க இடமில்லை, டிரான்சிஸ்டரே பிளந்துவிடுகிறது. இதைத் தடுக்கச் சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டயோடை வைக்கிறார்கள். சாதாரணமாக ஓடும் மின்சாரத்துக்கு அது மூடிய கதவாகவும், எதிர்த்தெழும் மின்சாரத்துக்குத் திறந்த கதவாகவும் நின்று, அந்தச் சக்தியைச் சுருளுக்குள்ளேயே சுற்றவைத்துத் தணித்துவிடும்.

அதைச் சோதிப்பதைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு டயோடின் ஒரு காலையாவது சுருளிலிருந்து விடுவிக்க வேண்டும். விடுவிக்காமல் அளந்தால் சுருளின் சில ஓம் தடையே மீட்டரில் தெரிந்து, டயோடு கெட்டதுபோல் மயக்கும். மீட்டரை டயோடு குறியில் வைத்து, சிவப்பு முனையைக் கோடில்லாத பக்கத்திலும் கறுப்பு முனையைக் கோடுள்ள பக்கத்திலும் தொட்டால் 0.5 முதல் 0.7 வரை ஓர் எண் வரும். முனைகளை மாற்றித் தொட்டால் எண் எதுவும் வரக் கூடாது. இரு பக்கமும் பூஜ்யமானால் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. இரு பக்கமும் ஒன்றும் வராவிட்டால் அறுந்துவிட்டது. ஒட்டிக்கொண்ட டயோடு உடனே பீஸைப் போக்கித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். அறுந்த டயோடோ மிகவும் பொல்லாதது: யந்திரம் வழக்கம்போல் ஓடும், புதிதாகப் போட்ட பலகையும் ஓடும், சில நாள் கழித்து அந்தப் புதுப் பலகையிலுள்ள டிரான்சிஸ்டரும் போகும். "போன வாரந்தானுங்க போர்டு மாத்துனோம், மறுபடியும் போயிருச்சுங்க" என்று புலம்பும் முதலாளியின் யந்திரத்தில், பலகையைத் தொடுமுன் இந்த டயோடைத் தொட்டுப் பார்ப்பதே முறை. மாற்றும்போது கோடுள்ள பக்கம் நேர்முனையை நோக்க வேண்டும். திருப்பிப் போட்டால் அதுவே குறுக்குச் சுற்றாகிவிடும்.

பின்பால் துடுப்பின் சுருளில் இன்னொரு நுட்பம் உண்டு. அதில் இரண்டு சுற்றுகள்: சுமார் 4 ஓம் தடையுள்ள தடித்த கம்பி அடிப்பதற்கு, நூறு ஓமுக்கு மேற்பட்ட மெல்லிய கம்பி, அடித்த பின் துடுப்பைப் பிடித்து நிறுத்துவதற்கு. 50 வோல்ட்டில் முதலாவது 12 ஆம்பியருக்கு மேல் உண்ணும். அதாவது விரல் தடிமனுள்ள சுருளில் 600 வாட் சக்தி! அதைக் கண நேரத்துக்குமேல் தாங்க முடியாது. ஆகவே துடுப்பு உச்சிக்குப் போனவுடன் ஓர் இலைச் சுவிட்சு அதைத் துண்டித்துவிட்டு மெல்லிய சுற்றை மட்டும் விட்டுவைக்கிறது. அந்தச் சுவிட்சு விலகத் தவறினால் சுருள் புகைந்து கருகும். விலகியே நின்றுவிட்டால் துடுப்பு பலமற்றுத் தள்ளாடும். ஒரே சுவிட்சின் இருவகைக் குறை, பார்ப்பவனுக்கு இருவேறு நோய்களாகத் தெரிகிறது. அச்சுவிட்சின் முனை டங்ஸ்டனால் ஆனதென்றால் மெல்லிய அரத்தால் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். குறைந்த மின்னழுத்தத்தில் வேலை செய்யும் தங்கமுலாம் பூசிய முனையில் அரம் பட்டால் முலாம் போய்விடும், ஆகையால் தடித்த காகித அட்டையை இடையே வைத்து இழுப்பதோடு நிறுத்த வேண்டும். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எல்லா முனைகளையும் தேய்க்கும் வழக்கத்தை நம் வட்டாரத்தில் கைவிடுவது நல்லது.

இதுவரை ஓரிடத்தை எப்படிச் சோதிப்பது என்று பார்த்தோம். எந்த இடத்தைச் சோதிப்பது என்பது அதனினும் கடினமான கேள்வி. 30 அங்குல விட்டமும் 24 கேஜும் உள்ள நிட்டிங் யந்திரத்தில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் உள்ளன. விட்டத்தின் அங்குலத்துக்கு மூன்று வீதம் 90 ஃபீடர்கள் அவற்றுக்கு நூல் ஊட்டுகின்றன. ஊசி ஒன்று உடைந்தால் துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்து, துணியே அதன் இருப்பிடத்தைக் காட்டிவிடும். நூல் அறுந்தால், நூலின் மீது சாய்ந்திருந்த சிறு கம்பி சரிந்து, தாழ்ந்த மின்னழுத்தமுள்ள சுற்று ஒன்றை மூட, அந்த ஃபீடரில் விளக்கு எரிந்து, யந்திரம் நிற்கும். இவையெல்லாம் சுலபமான பழுதுகள். நூல் ஒன்றும் அறுபடாமலும் விளக்கு ஒன்றும் எரியாமலும் யந்திரம் நின்றுகொண்டே இருந்தால்தான் சோதனை. 90 ஃபீடர்களுள் ஏதோ ஒன்றின் கம்பி யந்திரத்தின் உடம்பில் தட்டுகிறது, எது?

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பவருக்குச் சராசரியாக நாற்பத்தைந்து ஃபீடர்கள் கழிய வேண்டும். விவரம் அறிந்தவர் வளையத்தைச் சுற்றி ஓடும் கம்பியைச் சரிபாதியில் பிரிக்கிறார். பழுது இப்பாதியில் இருக்கிறதா, அப்பாதியில் இருக்கிறதா என்று மீட்டர் சொல்லிவிடும். 90 என்பது 45 ஆயிற்று. அதையும் பிரித்தால் 23. பின் 12, 6, 3, 2, 1. ஏழே சோதனைகளில் குற்றவாளி அகப்படுகிறது. ஃபீடர்கள் இருமடங்கானாலும் எட்டுச் சோதனைகளே போதும் என்பது இம்முறையின் மகத்துவம். ஆயிரம் பக்க அகராதியில் சொல்லைத் தேடுவதும், கணிப்பொறி தன் பட்டியலில் பெயரைத் தேடுவதும் இந்தத் தத்துவத்தினாலேயே. இதற்கு ஒரே நிபந்தனை, சோதிக்கும் நேரத்தில் பழுது நிலையாக இருக்க வேண்டும். வந்து வந்து போகும் பழுதாயின், முதலில் அதை வரவழைக்க வேண்டும்: கம்பிக் கற்றைகளை மெல்ல அசைத்தும், பலகையை ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் இலேசாகத் தட்டியும், தலைமுடி உலர்த்தும் கருவியால் பகுதி பகுதியாகச் சூடேற்றியும் அதைத் தூண்டிவிட்டு, நிலைநிறுத்திக்கொண்ட பிறகே பாதியாகப் பிரிக்கலாம். அசைத்தால் வந்து போகும் பழுது பெரும்பாலும் டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத ஈயப்பற்றுதான். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, பேஸ்ட் தடவி, 25 வாட் சோல்ட்ரானால் புதிதாகப் பற்றவைத்தால் தீர்ந்துவிடும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்று 183 பாகையில் உருகும். ஈயமில்லாத புதிய பற்றுக்கு 217 பாகைக்கு மேல் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாப் பழுதும் இப்படி ஓரிடத்தில் அடங்கிக் கிடப்பதில்லை என்பதற்கு ஒரு விநோதமான உதாரணம் உண்டு. 1977-ஐ ஒட்டிப் பின்பால் யந்திரங்களில் மின்னணுப் பலகை புகுந்தபோது, சுவிட்சுகளை 8 நெடுக்கை, 8 குறுக்கை என்று கட்டங்கட்டமாக இணைத்து, 16 கம்பிகளைக்கொண்டே 64 சுவிட்சுகளைக் கண்காணித்தார்கள். இதில் ஒரு சிக்கல்: செவ்வகத்தின் மூன்று மூலைகளிலுள்ள சுவிட்சுகள் ஒரே சமயத்தில் மூடினால், மின்சாரம் பின்வழியாகச் சுற்றிவந்து, நான்காவது மூலையிலுள்ள சுவிட்சும் மூடியதுபோல் பொய்த்தோற்றம் தருகிறது. அதைத் தடுக்க ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோடு. அவற்றுள் ஒன்று கெட்டால், குண்டு தொடாத சுவிட்சு தானே மதிப்பெண் கொடுக்கும். தொட்டதாகச் சொல்லப்படும் சுவிட்சிலோ ஒரு குறையும் இராது. அந்தப் பேய்த்தோற்றத்தின் எதிர்மூலைகளைச் சென்று பார்ப்பவனுக்கே விடை கிடைக்கும். தையல் யந்திரத்துப் பானலில் ஒரு பொத்தானை அழுத்த மற்றொன்றின் வேலை நடந்தால், அங்கும் ஆராய வேண்டியது இந்தக் கட்ட அமைப்பைத்தான்.

யந்திரம் நின்றதற்குக் காரணம் மின்சாரத்திலேயே இல்லாமலும் போகலாம். 1972-இல் அடாரி நிறுவனத்தின் 'பாங்' என்ற வீடியோ விளையாட்டின் மாதிரி யந்திரத்தைக் கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரின் மதுக்கடை ஒன்றில் வைத்திருந்தார்கள். சில நாளில் அது நின்றுவிட்டதென்று செய்தி வர, அதை வடிவமைத்த ஆலன் ஆல்கார்ன் பழுதுபார்க்கச் சென்றார். அவர் முதலில் திறந்தது மின்னணுப் பலகையை அல்ல, காசுப் பெட்டியை. அது நிரம்பி வழிந்து காசு விழும் பொறியையே அடைத்துக்கொண்டிருந்தது. பவர் டேபிளில் இதற்கு நிகரான காரணம், காசுக்குப் பதிலாகப் பஞ்சு. பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் அளவுக்கு ஈரத்தை இயல்பாகவே ஏற்று நிற்பது. எண்ணெயில் ஊறிய பஞ்சுத் தூசி மின்னணுப் பலகையின் மீது கம்பளிபோல் படிந்தால், வெப்பம் வெளியேற வழியின்றியும், ஈரத்தினால் மெல்லிய மின்கசிவு ஏற்பட்டும் யந்திரம் தாறுமாறாக நடக்கிறது. நிட்டிங் யந்திரத்தின் மோட்டாரை இயக்கும் டிரைவ் பெட்டிக்குள் காற்றிழுக்கும் விசிறி, பஞ்சையும் சேர்த்தே இழுக்கிறது. கம்ப்ரஸர் குழாயால் ஊதிவிடும் வழக்கம் எங்கும் உண்டு; ஆனால் தொட்டியின் அடியில் தேங்கிய நீரை முதலில் வடிக்காமல் ஊதினால், தூசியை அகற்றும் சாக்கில் பலகைக்கு நீராட்டு நடந்துவிடும்.

வெப்பத்தால் மிக விரைவில் முதுமையடைவது மின்தேக்கி, தொழிலாளர் மொழியில் கெபாசிடர். 105 பாகை வெப்பத்தில் 2,000 மணி நேர ஆயுள் என்று அச்சிடப்பட்ட ஒன்று, ஒவ்வொரு 10 பாகை குறைவுக்கும் ஆயுள் இருமடங்காகும் என்ற பொது விதிப்படி, 65 பாகையில் 32,000 மணி நேரம் உழைக்கும். இரவு பகல் ஓடும் நிட்டிங் யந்திரத்துக்கு அது மூன்றரை ஆண்டுக்குச் சற்று அதிகம். பஞ்சு அடைத்துப் பெட்டியின் வெப்பம் 10 பாகை கூடிவிட்டால் இரண்டு ஆண்டுகூடத் தாங்காது. தலை உப்பிய கெபாசிடரைக் கண்டால், அதை மாற்றுவதோடு விசிறியையும் பார்க்க வேண்டும்.

பையிலுள்ள எளிய கருவிகளுள் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது சீரிஸ் லேம்ப். பீஸ் போய்க்கொண்டே இருக்கும் பலகையில் மேலும் மேலும் பீஸ் போடுவது பணத்தை எரிப்பது. தடித்த கம்பியை முறுக்கிப் போடுவது பலகையையே எரிப்பது. அதற்குப் பதிலாக, பீஸின் இடத்தில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைக்கிறார்கள். உள்ளே குறுக்குச் சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரியும். 230 வோல்ட்டில் அது அரை ஆம்பியருக்கும் குறைவாகவே விடுவதால் வேறெதுவும் கருகாது. பலகை நலமாக இருந்தால் கணநேரம் மின்னி மங்கிவிடும். எரியும்போது 529 ஓமாக இருக்கும் டங்ஸ்டன் இழை, குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடையே உடையது. ஆகையால் அது கெட்ட பலகைக்குத் தடையாகவும் நல்ல பலகைக்கு வழியாகவும் தானாகவே மாறிக்கொள்கிறது. எல்.இ.டி. பல்புக்கு இந்தக் குணம் கிடையாது. கடைகளில் குண்டு பல்பு அருகிவரும் இக்காலத்தில், மெக்கானிக்குகள் இரண்டொன்றை வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்வது விவேகம்.

டெஸ்டரைப் பற்றியும் ஒரு சொல். அதன் நியான் விளக்கு மிகச் சிறிய மின்கசிவுக்கும் ஒளிரும். ஆகவே அது எரிவதால் மட்டும் சப்ளை சரியாக இருக்கிறதென்று முடிவு கட்டலாகாது. பிளக்கின் இரண்டு துவாரங்களிலும் டெஸ்டர் எரிந்து, யந்திரம் ஓடாமல் நின்றால், நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று அறியலாம். 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் ஓடும் டிரைவ்களுக்குள் சுமார் 580 வோல்ட் நேர்மின்சாரம் கெபாசிடர்களில் நிரம்பியிருக்கிறது. மெயினை நிறுத்திய பிறகும் அது சில நிமிடம் தங்கும். பத்து நிமிடம் பொறுத்து, மீட்டரால் அளந்து, வடிந்துவிட்டதென்று கண்ட பின்னரே கை வைக்க வேண்டும். வேலை நின்றிருக்கிறதே என்று நெருக்கும் முதலாளிகள் இந்தப் பத்து நிமிடத்தை உயிரின் விலையாகக் கருதிக் கொடுத்தாக வேண்டும்.

பழுது என்பது இயல்பு நிலையிலிருந்து விலகுவது. ஆகையால் இயல்பு நிலை இன்னதென்று தெரியாதவருக்குப் பழுதும் தெரியாது. நல்ல சுருள் எத்தனை ஓம், நல்ல சப்ளை எத்தனை வோல்ட் என்று யந்திரம் நலமாக இருக்கும் நாளிலேயே அளந்து, ஓர் அட்டையில் எழுதிக் கண்ட்ரோல் பாக்ஸின் கதவுக்குள் ஒட்டி வைத்துவிட்டால், அடுத்த முறை வரும் மெக்கானிக்கின் வேலையில் பாதி முடிந்துவிடும். ரிலேக்கள் கொண்ட பழைய பின்பால் யந்திரங்களைச் சிகாகோவிலிருந்து அனுப்பியபோது, அவற்றின் முழு மின்பாதை வரைபடத்தையும் மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்பினார்கள். அதனாலேயே எழுபது எண்பது ஆண்டு முதிர்ந்த அந்த விளையாட்டுச் சாமான்களை இன்றும் பழுதுபார்த்து ஓட்ட முடிகிறது. நம் வட்டாரத்துக்கு இறக்குமதியாகும் தையல் யந்திரங்களோடு வரும் புத்தகத்திலோ பிழை எண்களின் பட்டியலும், அந்த எண் வந்தால் பலகையை மாற்றுக என்ற கட்டளையுமே பெரும்பாலும் காணப்படுகின்றன. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளம் தொடங்கி, விவசாயக் கருவிகள், கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அதில் சேர்த்தது. பனியன் தொழிலின் யந்திரங்கள் அந்த நான்கில் அடங்கவில்லை. சேவூரிலும் அவிநாசியிலும் திருப்பூரிலும் புது யந்திரம் வாங்குவோர், விலை பேசும் அதே வேளையில், சர்க்யூட் வரைபடத்தையும் கேட்டு வாங்க வேண்டும். தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்குவதைப் பற்றி மறுமுறை யோசிக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் இந்த ஒரு கோரிக்கையில் ஒன்றுபட்டு, ஐந்தாவது துறையாகத் தையல், நிட்டிங் யந்திரங்களையும் சேர்க்குமாறு அரசைக் கேட்க வேண்டும்.